நாற்பது கணினிகள், ஐந்து மணி நடனம்

கணினி ஆய்வகக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்பது திரைகளும் கருப்பு.

அரை மணி முன்புதான் எல்லாவற்றையும் ஓடவிட்டு முதல்வர் அறைக்குப் போயிருந்தாள். என்ன மொழி, என்ன கடவுச்சொல், வன்வட்டில் எவ்வளவு இடம் என்று லினக்ஸ் நிறுவும்போது கேட்கும் அத்தனை கேள்விக்கும் ஒரே கோப்பில் பதில் எழுதி, பக்கத்து அறை சர்வரில் வைத்திருந்தாள். கணினிகள் அதைத் தாமே படித்து, தாமே நிறுவிக்கொள்ளும். எழுதிச் சரிபார்க்க இரண்டு வாரம் ஆனது.

போன வருஷம் வரை பென் டிரைவோடு ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து எழுவாள். மூன்று நாள் பிடிக்கும். மகள் பள்ளி ஆண்டு விழாவும் சொல்லிவைத்த மாதிரி அந்த மூன்று நாளுக்குள்தான் வந்து தொலைக்கும்.

நாளைக் காலை பாலிடெக்னிக்கில் செய்முறைத் தேர்வு.

இன்று ஐந்து மணிக்கு மகளின் நடனம்.

ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து சாவிக்கொத்தோடு வந்தார். நாற்காலியில் ஆளில்லாவிட்டால் மெயின் சுவிட்சை அணைப்பது அவருடைய இருபது வருஷச் சட்டம்.

"ஈ காக்கா இல்ல மேடம். நாப்பதும் சும்மா ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. அதான் அமத்திட்டேன்."

அட மனுஷா!

மணி மூன்றேகால். இந்த வருஷமும் போச்சு.

அப்புறம்தான் உறைத்தது. சர்வருக்குத் தனி யூபிஎஸ். அது அணையவே இல்லை. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது. பாதியில் நின்றால் என்ன? முதலிலிருந்து கேட்கட்டுமே. பதில் சொல்ல அவள் வேண்டாமே!

"மெயினைப் போடுங்க அண்ணாச்சி."

மின்சாரம் வந்ததும் கணினிகள் தாமே எழும்படி வைத்திருந்தாள். எழுந்தன. சர்வரைத் தேடிப் பிடித்தன. நாற்பது திரைகளிலும் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின.

அண்ணாச்சி ஒவ்வொரு நாற்காலியாய்க் குனிந்து பார்த்தார். யாருமில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள நுழையப் பேர் கேட்டுத் திரை நின்னுச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கு ஒரு போன் போடுங்க. அதுவரைக்கும் மெயின் பக்கமே போகக்கூடாது, ஆமா."

பள்ளி மைதானத்துக்கு அவள் ஓடி வந்து சேர்ந்தபோது பாட்டு தொடங்கிவிட்டது. செல்போன் அதிர்ந்தது.

"நாப்பதும் பேர் கேக்குது மேடம். எம் பேரைச் சொல்லிரட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்குப் பரீட்சைக்கு வர்ற பிள்ளைங்க சொல்லிக்கும்."

மேடையில் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளின் கண்கள் கூட்டத்தில் அலைந்தன. இவள் யாரையும் தேடவில்லை.

தேடிப் பழக்கமில்லை.

கூட்டத்திலிருந்து அம்மா கையை உயர்த்தினாள்.

மகளுக்குத் தாளம் தவறியது. வாயெல்லாம் பல்.