கைடுக்கு ஒண்ணும் தெரியல

“இதுதான் சார், ராஜாவோட குதிரை லாயம்” என்றாள் கைடு.

வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் படிக்கட்டு. நடுவில் பெரிய தொட்டி. ஓரத்தில் தண்ணீர் வெளியேற ஒரு துவாரம்.

“குதிரை படியில இறங்கிப் போய் முங்கிக் குளிச்சுட்டு வந்துச்சாம்மா?”

கைடு திருதிருவென்று விழித்தாள். “அப்ப இது என்ன சார்?”

“ஊர் ஜனங்களுக்கான குளியல் கூடம்.”

“ஓகோ” என்று நோட்டில் குறித்துக்கொண்டாள் அவள்.

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரம், வேறு கூட்டம் கிடையாது, நமக்கென்றே தனி கைடு என்று மனைவி ஆசையாகப் பதிவு செய்த சுற்றுலா. பழைய நகரத்தைச் சுற்றிக்காட்ட வந்தவளுக்கு லாயத்துக்கும் குளியல் கூடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“இவளுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான்?” என்று மனைவியின் காதைக் கடித்தார்.

“சின்னப் பொண்ணுங்க. நீங்கதான் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்.”

முப்பத்திநாலு வருஷம் வரலாறு நடத்திய மனிதரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? கைடு பின்னால் போய்விட்டாள். வாத்தியார் முன்னால் வந்துவிட்டார்.

தானியக் களஞ்சியத்தைக் காட்டி, “சிறைச்சாலை” என்றாள் கைடு.

“கூரையில மட்டும் ஓட்டை வச்சிருக்கான். கைதியை மேலேருந்து கொட்டுவாங்களா?”

வடக்கு வாசலை எதிரிகள் யானையை விட்டு இடித்ததாகச் சொன்னாள். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். கீழே கிடந்த குச்சியை எடுத்து, மண்ணில் மதிலையும் ஆற்றையும் வரைந்து, நிலநடுக்கத்தில் அது எப்படிச் சரிந்தது என்று இருபது நிமிஷம் பாடம் எடுத்தார். மனைவி ஓரமாகப் போய், அங்கிருந்த தகவல் பலகையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“பலகையில என்ன போட்டிருக்குன்னு பார்க்கணும். தள்ளி நில்லேன்.”

“கால் வலிக்குதுங்க. பலகை எதுக்கு? நீங்க சொல்லுங்க.”

அதுவும் சரிதான் என்று தொடர்ந்தார்.

அந்தப் பக்கம் போன ஏழெட்டுப் பேர் தங்கள் கைடை விட்டுவிட்டு இவரைச் சுற்றி நின்றார்கள். ஒரு அம்மா சந்தேகம் கேட்டாள். வாத்தியார், “நல்ல கேள்வி” என்றார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

சுற்றுலா முடிந்ததும், “இன்னைக்கு நான்தான் சார் கத்துக்கிட்டேன்” என்றாள் கைடு.

“அதுதாம்மா பிரச்சினை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், நான் புகார் எழுதத்தான் போறேன்.”

கைடு ஒரு நொடி அவர் மனைவியைப் பார்த்தாள். “எழுதுங்க சார்” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மனைவிக்கு முகம் மாறிவிட்டது. “ஏங்க, விட்டுடுங்களேன். பாவம், பொழைக்கிற பொண்ணு.”

“இப்படிப் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் வரலாறு இந்தக் கதிக்கு வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

புகார்ப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். சிவப்புப் பேனா. தப்புகளுக்கெல்லாம் வரிசை எண்.

மேலாளர் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். “சார், புது கைடுங்களுக்குப் பாடம் எடுக்கிறதே இவங்கதான். பரீட்சைக்குக் கேள்வித்தாளும் இவங்கதான் போடுறாங்க.”

“அப்ப உங்க ஆபீசே தேறாது. குதிரை லாயம்னு சொல்றா சார்.”

மேலாளர் ஒரு ஃபைலைப் புரட்டி, ஒரு தாளை உருவினார். “புகார் மேலிடத்துக்குப் போகும்போது பதிவுப் படிவத்தையும் சேர்த்து அனுப்பணும். அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க.”

‘சிறப்புக் கோரிக்கை’ என்ற இடத்தில் எல்லாரும் சக்கர நாற்காலி வேண்டும் என்றுதான் எழுதுவார்கள். இதில் மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து:

‘என் கணவர் ரிட்டயரான வரலாற்று வாத்தியார். எட்டு மாதமாக அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பேச்சே குறைந்துவிட்டது. கைடு கொஞ்சம் தப்புத் தப்பாகச் சொன்னால் உதவியாக இருக்கும். அவர் திருத்துவார்.’

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே மனைவி கைடின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். கைடு, “பரவாயில்லம்மா” என்று தலையாட்டுவது தெரிந்தது.

எழுதிய பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“புகார் இல்ல சார். மன்னிச்சுக்குங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் நானே சொல்லிடறேன்.”

வாசல் வரை போனவருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி நின்றார்.

“ஆனா ஒண்ணு. அவ்வளவு பெரிய கைடு வேணும்னே சொன்ன தப்பை, ஒண்ணு விடாம பிடிச்சுட்டேன் பார்த்தீங்களா?”

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். “பின்பக்கமும் ரெண்டு வரி இருக்கு சார்.”

வாத்தியார் வந்து தாளைத் திருப்பினார்.

‘அவர் திருத்துவதிலும் பாதி தப்பாக இருக்கும். அதை மட்டும் திருத்த வேண்டாம். முப்பது வருஷமாக நானே திருத்தியதில்லை.’