மேடையில் படிக்காத வாழ்த்து மடல்

“வாழ்த்து மடல் வேணாம் அண்ணே, நேரம் ஆயிடுச்சு. அடுத்து கேக் வெட்டிடலாம்!”

அறிவிப்பாளர் ரமணி மைக்கிலேயே இப்படிச் சொன்னதும் கவிஞர் பக்கிரிசாமிக்கு முகம் செத்துப் போயிற்று. மணப்பெண் லோகேஸ்வரியின் தாய்மாமன் அவர். படம் போலச் சட்டம் போட்ட வாழ்த்துக் கவிதையை அப்போதுதான் ரமணியின் கையில் கொடுத்திருந்தார். எங்கே கைதட்டச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள, எந்த மடலிலும் கடைசி வரியை முதலில் பார்ப்பது அவள் வழக்கம். இதையும் பார்த்தாள். உடனே மறுத்துவிட்டாள்.

“என்னம்மா பேசுறீங்க? பாகான் டாலாம்லேருந்து பெரிக் கப்பல் ஏறி இதைத் தூக்கிட்டு வந்திருக்கேன் லா! கொடுங்க, நானே படிக்கிறேன்.”

ரமணி கொடுக்கவில்லை. மடலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அவர் இழுத்தார். அவள் விடவில்லை. மணமக்களே பதறி எழுந்துவிட்டார்கள்.

“சினிமாப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆடுனீங்க. தமிழ்க் கவிதைக்கு அஞ்சு நிமிஷம் இல்லையா?”

மைக் அணைக்கப்படவில்லை. ஜார்ஜ் டவுன் மண்டபத்தில் இருந்த நானூறு பேருக்கும் கேட்டது. அதுவரை ஆட்டுக்கறியில் கவனமாக இருந்தவர்களுக்கும் தமிழ்ப்பற்று பொத்துக்கொண்டு வந்தது.

“படிக்க விடும்மா!”

“மைக் பிடிச்சிட்டா பெரிய ஆளா?”

மாப்பிள்ளை யுகேந்திரனின் அம்மா நல்லம்மாள் ரமணியை ஒட்டியே நின்றார். “எனக்கும் கேக்க ஆசையா இருக்கு. படிக்கட்டுமே.”

ரமணிக்கு வியர்த்துக் கொட்டியது. “மன்னிச்சிடுங்கம்மா. நேரத்தைச் சரியா பாக்கல, தப்பு என்னோடதுதான்” என்றவள், ஒலிபெருக்கிக்காரருக்குக் கை காட்டினாள். குத்துப்பாட்டு அலறியது. அந்தச் சத்தத்தில் மடலைத் தன் பெரிய பைக்குள் திணித்துவிட்டாள்.

பெண்ணின் அப்பா தயாளன் நேராக வந்தார்.

“என் மச்சானை நாலு பேரு முன்னால அவமானப்படுத்திட்டீங்க. அடுத்த மாசம் எங்க அண்ணன் மகன் கல்யாணத்துக்கு உங்களைச் சொல்லியிருந்தோம்ல? வர வேணாம்.”

ரமணி தலையை மட்டும் ஆட்டினாள். கண் கலங்கியது. பாவம், அவளுக்கு இதுதான் பிழைப்பு.

விருந்து முடிந்ததும் பக்கிரிசாமி வாசலில் நின்று, “தமிழை இப்படித்தான்யா கொல்றாங்க!” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பொருமிக்கொண்டிருந்தார். ரமணி வந்து மடலை நீட்டினாள்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. யாரும் இல்லாதப்ப கடைசி வரியை மட்டும் பாருங்க.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

“என் கவிதையை எனக்கே சொல்லித் தர்றா!” என்று முனகியபடி அவர் ஒரு தூணின் மறைவில் போய் நின்று படித்தார். உடனே சுற்றுமுற்றும் பார்த்தார்.

தயாளன் தேடிக்கொண்டு வந்தார். “என்ன மச்சான் சொல்லிட்டுப் போறா, அந்தத் திமிரு பிடிச்சவ?”

பக்கிரிசாமி மடலைச் சட்டென்று கவிழ்த்துப் பிடித்தார்.

“அவங்களைத் திட்டாதீங்க மச்சான். அடுத்த மாசமும் அவங்களையே கூப்பிடுங்க. நம்ம பொண்ணு மானத்தைக் காப்பாத்திட்டுப் போறாங்க.”

போன வருடம் லோகேஸ்வரிக்கு நிச்சயமானபோது எழுதிய கவிதையிலேயே மாப்பிள்ளை பெயரை மாற்றிக் கொண்டுவந்திருந்தார் கவிஞர். கடைசி வரியில் மட்டும் லோகேஸ்வரி, பத்திரிகை அடித்த பிறகு கல்யாணம் வேண்டாமென்று ஓடிப்போன வாசுவோடு நூறாண்டு வாழ்ந்துகொண்டிருந்தாள்.