கோமளா வாசித்தது

கடிதம் வந்தால் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், எதிர்வீட்டு டெய்லர் எல்லோரும் கூடத்தில் கூடிவிடுவார்கள். படிக்கத் தெரிந்தவள் கோமளா ஒருத்திதான். போர்முனையிலிருந்து அவள் கணவன் தணிகாசலம், ‘பயமாக இருக்கிறது, ஓடி வந்துவிடப் போகிறேன், அப்பாவிடம் பக்குவமாகச் சொல்’ என்று எழுதியிருந்தான். அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு, ‘முன்வரிசையில் நின்று சுடுகிறேன்’ என்று வாசித்தாள். டெய்லர் கைதட்டினார்.

“எம்புள்ளடா!” என்றார் மாமனார்.

அடுத்தடுத்த கடிதங்களிலும் அவளே சுட்டாள்.

ஒரு மத்தியானம் அவன் சீருடையில்லாமல் வந்து நின்றான். தெருவே பின்னால் வந்திருந்தது.

“ஓடி வந்துடப் போறேன்னு லெட்டர்லயே எழுதியிருந்தேனேப்பா.”

மாமனார் திரும்பினார். “அப்டியாம்மா எழுதியிருந்தான்?”

எல்லோரும் கோமளாவைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

“இல்ல மாமா.”

மாமனார் அவனை வாசலுக்குத் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினார்.