உடைமரக் கொப்பு

கையில் இரும்புக் கம்பியோடு இல்யாஸ் அந்த லாரிக் கதவருகே நின்றான். உள்ளே கிருபாகரன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். திறந்த ஜன்னல் வழியே அவன் கழுத்து எட்டிவிடும் தூரத்தில் இருந்தது.

டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க எடுத்த கம்பி அது. அதற்கு வேறு வேலை தேவையில்லை. கையை ஓங்காமலே இன்று இவனைத் தீர்த்துவிடலாம்.

துறைமுக வாசலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. முதலில் ஞானையா, அடுத்து கிருபாகரன், அவனுக்குப் பின்னால் இல்யாஸ். மூன்று பெட்டியும் ஒரே கப்பலுக்கு. நான்கு மணிக்குள் உள்ளே போகாத பெட்டியைக் கப்பல் ஏற்றாது. அடுத்த கப்பல் வியாழக்கிழமைதான். அதுவரை பெட்டியை விட்டு டிரைவர் நகர முடியாது.

மூவரும் ஒரு காலத்தில் கல்ஃபில் ஒரே கம்பெனியில் ஓட்டியவர்கள். ஞானையா போன மாதம்தான் அங்கிருந்து திரும்பியிருந்தார். சற்று முன் டீக்கடையில் ஒவ்வொரு நாட்டையும் அளந்துகொண்டிருந்தார்.

"ஓமன்ல வரிசை நகந்தா, பின்னால நிக்கவன் தன் வண்டிய விட்டு இறங்கிவந்து எழுப்புவான். சவுதில பாகிஸ்தான்காரன் கையில சாயாவோட வந்து தட்டுவான். துபாய்ல போலீஸ் தட்டும், ஃபைன் சீட்டோட."

"நம்ம ஊர்ல, அண்ணாச்சி?" என்றான் டீக்கடைக்காரன்.

"இங்க பின்னால நிக்கவன், முன்னால உள்ளவன் எப்ப தூங்குவான்னு பாத்துட்டே இருப்பான்."

இல்யாஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஞானையா அவன் பக்கம் திரும்பினார்.

"கிருபாவுக்கு இன்னைக்கு ஆறு மணிக்கு நாசரேத்துல நிச்சயதார்த்தம், தெரியும்லா? ஓசூர்லருந்து ரெண்டு ராத்திரி கண்ண மூடாம ஓட்டிட்டு வந்திருக்கான். பின்னால இல்யாஸ்தான நிக்கான், எழுப்பிருவான்னு சொல்லிட்டுப் படுத்துட்டான்."

என்ன தைரியம் இவனுக்கு என்று இல்யாஸ் நினைத்துக்கொண்டான்.

ஆறு வருடங்களுக்கு முன், சவுதியிலிருந்து எமிரேட்ஸுக்குள் நுழையும் எல்லை. அன்று இல்யாஸ் முன்னால், கிருபாகரன் பின்னால். காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசியை முழுதாக வைத்துவிட்டு இல்யாஸ் படுத்திருந்தான்.

கண் விழித்தபோது மதியம். முன் கண்ணாடியில் சிலந்தி வலை போல ஒரு விரிசல். பின்னால் நின்ற கிருபாகரனின் வண்டி எல்லையைத் தாண்டிப் போயிருந்தது.

வரிசையை விட்டவன் கடைசிக்குப் போகவேண்டும். மூன்று நாள் கழிந்தது. அதற்குள் அவனுடைய விமானம் போனது. காயல்பட்டினத்தில் அவனுடைய நிக்காஹுக்குப் பந்தல் போட்டு, சொந்தமெல்லாம் வந்து இறங்கியிருந்தது.

சொன்ன தேதிக்கு வராத மாப்பிள்ளை வேண்டாம் என்றார் மணப்பெண் அஸ்மாவின் வாப்பா. அதே பந்தலில் வேறொருவருக்கு நிக்காஹ் நடந்தது. சம்மதம் கேட்டபோது அஸ்மா வெகுநேரம் பேசாமல் இருந்தாள் என்று இல்யாஸின் தங்கை ஸஹ்லா சொன்னாள். அந்த வெகுநேரத்தை இல்யாஸ் இன்னும் சுமந்துகொண்டிருந்தான்.

ஊருக்கு வந்தபின் கிருபாகரன் இரண்டு முறை வீடு தேடி வந்தான். இல்யாஸ் கதவைத் திறக்கவில்லை.

இப்போது வரிசை நகர்ந்தது. ஞானையாவின் லாரி வாசலுக்குள் நுழைந்தது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். கிருபாகரன் லேசாக அசைந்தான்.

இல்யாஸ் சாலையோரம் ஓடி, உடைமரத்தில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்தான். முள் கீறி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. கிருபாகரனின் லாரிக்குப் பின்னால் அதைச் செருகி வைத்தான். பச்சைக் கொப்பு தொங்கினால் வண்டி பழுது என்று அர்த்தம். இனி யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள், கதவைத் தட்டவும் மாட்டார்கள்.

"பிரேக்டவுன், சுத்திட்டு வாங்க" என்று பின்னால் நின்றவர்களுக்குக் கைகாட்டினான். பிறகு தன் வண்டியை எடுத்து, தூங்குகிறவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

பெட்டியை இறக்கிவிட்டு, துறைமுகத்துக்குள்ளேயே வண்டியை ஓரம் கட்டியபோது மணி நாலேகால். ஞானையா போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார்.

"கிருபா எங்கல? மணி அடிச்சிட்டே கெடக்கு, எடுக்க மாட்டுக்கான்."

"தூங்குதான்."

"எழுப்பலியா?"

"எழுப்பல. பின்னால கொப்பும் சொருகிட்டு வந்தேன்." இல்யாஸ் ஆறு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டான். "அன்னைக்கு எல்லையில அவன் என்ன எழுப்பாமத்தான போனான். பந்தல்ல பொண்ணு காத்துக்கெடந்தா எப்பிடியிருக்கும்னு அவனுக்கும் தெரியட்டும், அண்ணாச்சி."

ஞானையாவின் கையிலிருந்த போன் மெல்லத் தாழ்ந்தது.

"ஏலே, அன்னைக்கு நான் அவனுக்குப் பின்னாலதான நின்னேன். கால் மணி நேரம் உன் கதவப் போட்டு அடிச்சான். காவலுக்கு நின்னவன் வந்து, வண்டிய எடுன்னு வெரட்டிட்டான்."

"பொய் சொல்லாதீங்க. எனக்குக் கேக்கவே இல்ல."

"ஏசியப் போட்டு அடைச்சுக்கிட்டு, மாத்திரைய வேற முழுங்கிட்டுக் கெடந்தா எங்கல கேக்கும்? முழிச்சப்போ உன் முன்கண்ணாடி எப்பிடி இருந்துச்சு?"

"விரிசல் விட்டிருந்துச்சு. எந்த வண்டியோ தெறிச்ச கல்லு."

ஞானையா அவன் உள்ளங்கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"அது கிருபா உன்ன எழுப்ப எறிஞ்ச கல்லுல."