கோடாலியின் வலது கால்

"நாலு சென்டிமீட்டர் குறையுதுன்னு நாலு சென்டிமீட்டர் கட்டை வச்சாச்சு. அப்புறமும் ஏண்ணே சாயுது?"

ஏணியின் மேல் நின்ற எலும்பு ஆய்வாளர் கேட்டாள். கீழே, எலும்புக்கூட்டின் இடுப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த வெல்டர் நிமிர்ந்து பார்த்தார்.

பறக்கத் தெரியாத, ஆளைவிட உயரமான பறவை அது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த இனம் பூண்டோடு போய்விட்டது. மிச்சம், கல்லாகிப்போன இந்த எலும்புகள்தான். அலகு கோடாலி மாதிரி இருந்ததால் அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அது கோடாலி.

"நேத்து வலது பக்கம் சாஞ்சா. இன்னைக்கு இடது பக்கம் சாயறா. கோடாலிக்குக் கொழுப்பு கூடிப்போச்சு, டாக்டரம்மா."

"சிரிக்கிற நேரமாண்ணே இது? மூணு மணிக்கு ஆய்வுக் குழு வருது."

குழுவின் கடிதம் மேசைமேல் கிடந்தது. இரண்டு கால்களும் ஒரே நீளம் இல்லை. வலது கால் வேறொரு பறவையுடையதாக இருக்கலாம். இன்று நேரில் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் எலும்புக்கூட்டைக் கழற்றிப் பெட்டிகளில் வைத்துவிட வேண்டும். அந்தப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொரு எலும்பாக எடுத்துக் கோக்க அவளுக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது.

"வலது கால் எலும்பு நடுவுல புடைச்சிருக்கே, அது என்ன?" என்றார் வெல்டர்.

"உயிரோட இருக்கிறப்பவே ஒடிஞ்ச இடம். ரெண்டு துண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ஒட்டிக்கிச்சு. அதான் குட்டையாப் போச்சு."

"நான் வெல்டு வச்சா மேடு கட்டுமே, அச்சா அப்படியே இருக்கு. இதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்பேனா? 'கால் ஒடிஞ்சது சரி. அது இந்தப் பறவையோட கால்தான்னு என்ன சாட்சி'ன்னு திருப்பிக் கேக்கறாங்க."

வெல்டர் தலையைச் சொறிந்தார். "பேசாம தரையில ரெண்டு போல்ட் அடிச்சு இழுத்துக் கட்டிடட்டுமா? யானை வந்து முட்டினாலும் அசையாது."

"வேணவே வேணாம். பொருந்தாத காலைப் பிடிச்சுக் கட்டி நிறுத்தியிருக்கோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அவள் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தாள். பறவையின் கழுத்தடியில் கட்டிய நூலில் தூக்குக்குண்டு தொங்கியது. நிற்கிற எந்தப் பொருளுக்கும் கணக்கு ஒன்றுதான்: குண்டு இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். கட்டை இல்லாதபோது அது வலது பாதத்தின் பக்கம் போனது. கட்டை வைத்ததும் நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் வந்துவிட்டது. அளவில் தப்பில்லை. ஆறு முறை சரிபார்த்துவிட்டாள்.

வெல்டர் பின்பக்கம் போய் முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினார். "இது நேரா இல்லையே?"

"எத்தனையோ காலம் மண்ணுக்கு அடியில கிடந்ததுண்ணே. பாரத்துல லேசா வளைஞ்சிருக்கும்."

"பாரம் அழுத்தினா நசுங்கணும், கீறல் விழணும். இங்க ஒண்ணையும் காணோம். ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் மட்டும் தடிச்சிருக்கு. தொட்டுப் பாருங்க."

அவள் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தாள். ஒரு துண்டில் நகத்தின் தடிமன்கூட இல்லாத வித்தியாசம். தனித்தனியாகப் பார்த்தபோது அது கண்ணில் படவே இல்லை.

இதற்குள் வெல்டர் குனிந்து, வலது பாதத்தின் கீழ் அடுக்கியிருந்த நான்கு பலகைகளில் ஒன்றை உருவப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்.

"என்னண்ணே பண்றீங்க? நாலு குறையற இடத்துல மூணு வச்சா எப்படி? ஒண்ணாங்கிளாஸ் கணக்கு!"

"கணக்கு அப்புறம். காலை லேசாத் தூக்கிப் பிடிங்க."

அவள் தூக்கிப் பிடித்தாள். பலகை வெளியே வந்தது. குண்டு இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது, பிறகு நடுக்கோட்டின் மேல் அசையாமல் நின்றது. வெல்டர் இடுப்புக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டையை எடுத்தார். கோடாலி தானாக நின்றாள்.

அவள் குண்டையும் முதுகெலும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வார்த்தைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. "அண்ணே! கால் குட்டையானதும் உடம்பு சாய்ஞ்சிருக்கு. சாயாம இருக்க முதுகு எதிர்ப்பக்கம் வளைஞ்சு, வருஷக்கணக்கா அப்படியே வளர்ந்திருக்கு. ஒரு சென்டிமீட்டர் குறையை முதுகு வாங்கிக்கிச்சு. மீதி மூணைத்தான் அது விரல் நுனியை ஊனிச் சமாளிச்சிருக்கு. வேற பறவையோட காலுக்கு இந்த முதுகு ஏன் வளையப் போகுது? இதுதாண்ணே சாட்சி!"

"அப்போ பெட்டிக்குப் போக வேண்டாமா?"

"கோடாலி எங்கேயும் போகமாட்டா!"

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. குழு வந்துவிட்டது. கதவை நோக்கி ஓடியவள் சட்டென்று நின்றாள்.

"ஆமா, நான் இவ்வளவு நேரம் யோசிச்சுக் கண்டுபிடிச்சதை, குண்டு நிக்கறதைப் பாக்கறதுக்கு முன்னாடியே மூணுன்னு எப்படிண்ணே முடிவு பண்ணீங்க? இரும்பு வேலையில அப்படி ஒரு கணக்கு இருக்கா?"

"இரும்புல ஏதும்மா அதெல்லாம்? டாக்டர் முதல்ல நாலுதான் போட்டாரு. பத்தடி நடக்கறதுக்குள்ள இடுப்பு கழண்டு போச்சு. அப்புறம்தான் ஒண்ணைக் குறைச்சாரு" என்றபடி வெல்டர் தன் வலது கால் பேன்ட்டை உயர்த்தினார். சின்ன வயதில் ஒடிந்து நாலு சென்டிமீட்டர் குட்டையாகிப்போன அந்தக் காலின் ஷூவுக்கு அடியில், மூன்று சென்டிமீட்டர் கட்டை இருந்தது.