பூநாரைகளுக்கு மட்டும்

"முகாம் ஆக்கள் உள்ளுக்கு வந்தா ஒரு பறவையும் இங்க தங்காது. கேட்டைப் பூட்டுங்க!"

பூங்காக் குழுத் தலைவர் ஜபார் ஹாஜியார் சொன்னதும் காவலாளி பூட்டை எடுக்க ஓடினார்.

கற்பிட்டியில் கடல்நீர்க் களப்போரமாக இருந்த ஊர்ப் பூங்காவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கும் பறவைக்கும் பொதுவான இடமாக்குவதாகத் திட்டம். பறவைக்குத் தண்ணீர்த் தொட்டி, மனிதர் உட்காரச் சீமெந்து வாங்கு, வாசலில் ‘பறவைகள் நமது விருந்தாளிகள்’ என்று ஒரு பலகை. பலகையில் பூநாரையைவிடப் பெரிதாகத் தலைவரின் படம்.

ஹாஜியார் கொழும்பில் வியாபாரம் செய்து முன்னேறியவர். கற்பிட்டியில் பெயர்பெற்ற காணிக்காரர் வீட்டில் பெண் எடுத்து, இப்போது அந்தக் குடும்பத்தாரையும்விட அதிகமாக ஊர்ப்பெருமை பேசுகிறவர். பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்க வந்த நாளில்தான் அவருக்குப் பறவைகள் மீது பாசம் பிறந்தது.

கேட்டுக்கு வெளியே ரம்ஸியாவும் மகள் இல்மாவும், அவர்களுக்குப் பின்னால் முகாம் பெண்களும் நின்றார்கள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல ஆகியும் தகரக் கொட்டில்களில்தான் இருந்தார்கள். பகலெல்லாம் தகர வெக்கையில் வெந்துவிட்டு, பிற்பகல் அஸர் தொழுததும் பிள்ளைகளுடன் காற்று வாங்க அவர்களுக்கு இருந்த ஒரே இடம் இந்தப் பூங்கா.

"ஹாஜியார், அந்தக் கண்டல் மரக் கண்டெல்லாம் நாங்க சேத்துல இறங்கி நட்டது," என்றாள் ரம்ஸியா. "அது வளந்த பொறகுதானே பறவை வந்தது? எங்கள ஏன் மறிக்கிறீங்க?"

"நட்டதுக்காகப் பூங்காவ எழுதித் தரவா? உங்கட புள்ளைகள் கத்துற கத்துக்குப் பறவை என்ன, பேயும் ஓடிரும்."

குழு உறுப்பினர்கள் சிரித்தார்கள். தலைவர் பேசினால் சிரிப்பதுதான் குழுவில் அவர்களுடைய வேலை.

செயலாளர் மஸாஹிர் மட்டும் தயங்கினார். "மனிசருக்கும் எண்டுதானே ஹாஜியார் திட்டத்துல இரிக்கி..."

"ஓம், மனிசருக்குத்தான். ஊர் மனிசருக்கு. வந்தான் வரத்தானுக்கு இல்ல."

இல்மாவால் பொறுக்க முடியவில்லை. "பூநாரையும் மன்னார்ப் பக்கத்திலேருந்துதான் வருது. அதுக்குத் தொட்டி கட்டுறீங்க. எங்களுக்குப் பூட்டா?"

ஹாஜியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பூநாரை சீசன் முடிஞ்சா திரும்பிப் போயிரும், புள்ள. நீங்க எப்ப போகப் போறீங்க?"

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. ரம்ஸியா ஹாஜியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? பூட்டுங்க!" என்று காவலாளியின் மேல் பாய்ந்தார்.

கேட் மூடிக்கொண்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்கள். ஒழுங்கை முனைக்கு வந்ததும் இல்மா நின்றுவிட்டாள்.

"ஏன் உம்மா வாயை மூடிக்கொண்டு வந்தீங்க? அத்தனை பேருக்கும் முன்னால நல்லா நாலு கேள்வி கேட்டிருக்கலாமே! அந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு பயப்படுறீங்க?"

ரம்ஸியா துப்பட்டாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயமில்ல மகள். நான் வாயைத் திறந்திருந்தா அவரையும் கேட்டுக்கு வெளிய தள்ளியிருப்பாங்க. தொண்ணூறுல மன்னார்லேருந்து வந்த தோணியில, மயங்கிக் கிடந்த என்னை மடியில வெச்சுக்கொண்டு வந்த என்ட கூடப் பொறந்த மூத்த நானா அவர்."