பணி முடிந்தது

வாசலில் புல்லட் சத்தம் கேட்டதும் கயல்விழி கையிலிருந்த செல்போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றாள். அது அவளுடைய போன் இல்லை.

சந்திரசேகர் நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டான். ஊரில் சின்னது பெரியது எல்லாம் அவனைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடும். அந்த மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஊருக்குத் தண்ணீர்தான் இல்லை.

"அந்தப் பழனியம்மா பேர்ல எவனோ ஆன்லைன்ல மனு மேல மனுவாப் போட்டுத் தள்றான்" என்று மனைவியிடம் கத்தினான். "அந்தம்மாளுக்குப் போனை எடுத்துப் பேசறதே பெரும்பாடு. எவன்னு மட்டும் தெரியட்டும், அப்பறம் இருக்குது."

"எதைப் பத்திங்க மனு?" ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள் கயல்விழி.

"மேட்டுத் தெரு மோட்டாரு. வேற என்ன?"

மேசை மேலிருந்த கயல்விழியின் போன் டிங்கென்றது. "ஓ.டி.பி. வந்திருக்கும், அந்த ஆறு நம்பரைச் சொல்லு புள்ள" என்றான். அவள் வழக்கம்போல வாசித்தாள். அவன் தன் போனில் யாருக்கோ அதைத் திருப்பிச் சொன்னான். எதற்கு என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். 'உனக்கெதுக்கு அது?' என்பான். இப்போதெல்லாம் கேட்பதில்லை.

"திருச்செங்கோடு போயிட்டு வாரேன். சோத்தை எடுத்து வெய்யி" என்று கிளம்பிவிட்டான்.

புல்லட் சத்தம் ஓய்ந்த பிறகு பழனியம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். மேட்டுத் தெருக்காரி. அரிசி டப்பாவுக்குள் கிடந்தது அவளுடைய போன்தான்.

"அம்மிணி, ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

வந்திருந்தது. 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. காரணம்: பணி முடிந்தது.' போன மனுவுக்கும் இதே பதில்தான், அதற்கு முந்தினதுக்கும் இதே பதில்தான். ஒரு எழுத்து மாறவில்லை. மனுவை மனுசர் யாராவது படித்தார்களா என்பதே சந்தேகம்.

"முடிஞ்சுதுன்னு போட்டிருக்காங்கக்கா."

"என்னத்த முடிஞ்சுது? கொழாயத் தொறந்தா காத்துத்தான் வருது. தோட்டத்துக் கெணத்துக்குப் போய்த் தண்ணி தூக்கிட்டு வாரதுக்குள்ள கோழிப்பண்ணை வேன் போயிருதுங்க. இந்த வாரத்துல பாதி நாள் வேலைக்கே போகலை. இப்படியே போனா வேற ஆளப் பாத்துக்கறோம்னு பண்ணையில சொல்லிட்டாங்க. தலைவருகிட்ட நேர்லயே போய்க் கேட்டனுங்க. கம்ப்யூட்டர்லயே முடிஞ்சுதுன்னு இருக்குது, உனக்கு மட்டும் எப்படித் தண்ணி வராமப் போகும்கறாரு."

கயல்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊராட்சியில் நடந்த வேலையை ஊரே பார்க்கட்டும் என்றுதான் அரசாங்கம் எல்லாவற்றையும் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது. ஊர் எங்கே பார்த்தது? அவளுமே இத்தனை நாள் பார்த்ததில்லை. பழனியம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடி எடுத்தாள்.

'மேட்டுத் தெரு ஆழ்துளைக் கிணற்றுக்குப் புது மோட்டார். பணி முடிந்தது.' அத்தாட்சிக்கு ஒரு படம் வேறு.

படத்தில் புது மோட்டாரைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு தென்னை மரம். அதில் கட்டியிருந்த செவலைக் கன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

பழனியம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது உங்க கன்னுக்குட்டியாட்டம் இருக்குதுங்களே அம்மிணி."

அதே கன்றுதான். காலையில் கயல்விழிதான் தங்கள் தோட்டத்தில் அதற்குத் தவிடு வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. பழனியம்மாளின் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு மனுவை எழுதினாள். 'படத்தில் இருப்பது மேட்டுத் தெரு இல்லை. ஊராட்சித் தலைவரை நேரடியாக விசாரிக்கவும்.'

அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியதும் பழனியம்மாள் பதறிப்போனாள். "எனக்காவ நீங்க ஏனுங்க வம்புல மாட்டறீங்க? ஊட்ல சண்டையாயிருமுங்க."

"ஆனா ஆகட்டுங்கக்கா" என்று சொல்லி மனுவை அனுப்பினாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கயல்விழியின் போன் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சந்திரசேகர்தான் இடது கையால் எடுத்தான். அவள் போனுக்கு யார் கூப்பிட்டாலும் அவன்தான் எடுப்பான்.

"மாவட்ட ஆபீஸ்ல இருந்து பேசறோம்" என்றது ஒரு பெண்ணின் குரல். பரிமாறிக்கொண்டிருந்த கயல்விழிக்கும் நன்றாகக் கேட்டது. "மேட்டுத் தெரு மோட்டார் மனு விஷயமா. கயல்விழி மேடம் இருக்காங்களா?"

சந்திரசேகர் தட்டைத் தள்ளி வைத்தான். "அவகிட்ட என்னங்க கேக்கறது? எங்கிட்டயே சொல்லுங்க."

"இல்லைங்க, அவங்ககிட்டதான் பேசணும். போனைக் குடுங்க."

கயல்விழி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள்.

அவன் போனைப் பொத்திக்கொண்டு அவளை முறைத்தான். "வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை வரக்கூடாது."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"வணக்கமுங்க, ஊராட்சித் தலைவர் கயல்விழி பேசறேன். அந்த மோட்டாரு எங்க தோட்டத்துல ஓடுதுங்க."